இரண்டாம் சுற்று

பூவிழியின் கைகள் இரண்டையும் சுவரோடு ஒட்டி விரிக்கச் சொல்லி அளந்தபோது டேப் போதவில்லை. தையல்காரர்கள் கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கும் சாதாரண டேப்தான், நூற்றைம்பது சென்டிமீட்டர். இடது கை நடுவிரல் நுனியில் ஆரம்பித்து இழுத்துக்கொண்டு போனால் வலது கை நடுவிரலின் அடியிலேயே முடிந்துவிட்டது. அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மிச்ச விரலைத் தனியாக அளந்து கூட்டினேன். நூற்றைம்பத்தெட்டு. உயரம் நூற்று நாற்பத்தொன்பதுதான். பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த உயரமே அதிகம், கைகள் அதையும் தாண்டி வளர்ந்திருந்தன.

"கையக் கீழ வுடட்டுங்களா மிஸ்?" என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் வரும் பெண்கள் எல்லாரும் அவளுக்கு மிஸ்தான், ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருந்தாலும்.

நான் வேனில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் டாக்டர். கண், காது, எடை, ரத்தசோகை, தோல், பல். பல்லைப் பார்த்தாலே அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று எங்கள் மாவட்டத்தில் சொல்லிவிடலாம். ஃபுளோரைடு பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கும். ஒரு நாளைக்கு நூற்றிருபது பிள்ளைகள் பார்க்க வேண்டும். என்னிடம் இருக்கும் பதிவேட்டில் குறை எழுதுவதற்குத்தான் இடம் உண்டு. ஒரு பிள்ளையின் உடம்பில் நன்றாக இருப்பது எதையும் எழுத அதில் கட்டம் கிடையாது. மூன்று வருஷம் இப்படியே பார்த்துப் பார்த்து எனக்கும் கண் அப்படிப் பழகிவிட்டது. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட எதிர் வரிசையில் யாருக்குத் தைராய்டு என்றுதான் முதலில் தெரியும்.

அன்றைக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து இண்டூர் போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு ஊரின் நடுநிலைப்பள்ளி. நூற்றிருபதையும் முடித்துவிட்டுக் கிளம்பும்போது விளையாட்டு ஆசிரியர் மாதவராஜ் ஒரு ஃபாரத்தோடு வந்து நின்றார். நாலு பக்கம், இங்கிலீஷ். பின்னால் பூவிழி நின்றாள்.

"மேடம், இதுல டாக்டர் கையெழுத்து வேணுங்களாம். வர்ற பன்னண்டாம் தேதிக்குள்ள பெங்களூர் போயிச் சேரணும்."

பெங்களூரில் ஒரு பள்ளி. ரஷ்ய முறைப்படி பாலே சொல்லித்தருகிறார்கள். டிரஸ்ட் நடத்துவது. இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தங்கவைத்து, சோறு போட்டு, படிக்கவும் அனுப்பி, எட்டு வருஷம் பழக்குவார்களாம். போன மாதம் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நானூறு பிள்ளைகளை வரவழைத்துப் பார்த்து இரண்டே பேரை எடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி பூவிழி. அது முதல் சுற்று. டாக்டர் பார்த்து எழுதும் இந்த ஃபாரம் இரண்டாம் சுற்று. இதில் தேறினால் மூன்றாவது சுற்றுக்கு பெங்களூர் போக வேண்டும்.

"நான் ஹைஜம்புக்குன்னு நெனச்சித்தாங்க கூட்டினு போனேன்" என்றார் மாதவராஜ். "அங்க போனா வேற என்னமோ. முட்டி மடங்காம கால காதுகிட்ட கொண்டுனு போவணும், அதான் மெயினாம். இவ செவுத்தப் புடிச்சினு அப்படியே தூக்கிட்டா. வந்திருந்த அம்மா எழுந்து நின்னுட்டாங்க."

ஃபாரத்தைப் புரட்டியதும் எனக்கு அது தெரிந்த முகமாக இருந்தது. நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், கைவிரிப்பு, பாதத்தின் வளைவு, இடுப்பு மூட்டு எத்தனை டிகிரி வெளியே திரும்புகிறது, முதுகு, அப்பா உயரம், அம்மா உயரம், இரண்டு பாட்டிகளின் உயரமும் உடல்வாகும். ரஷ்ய மொழியில் இதே வரிசையில் இதைப் பார்த்திருக்கிறேன். கையில் டேப்போடு.

நான் எம்.பி.பி.எஸ். படித்தது பெர்ம் என்ற ஊரில். என் அப்பா சவுரியப்பன் கடத்தூரில் யார் கேட்டாலும் இன்றுவரை மாஸ்கோ என்றுதான் சொல்வார். பெர்ம் மாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு நாள். ஐந்தாம் வருஷம் குழந்தைகள் எலும்புப் பிரிவில் இருந்தபோது, அந்த ஊர் பாலே பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவக் குழுவில் எங்கள் பேராசிரியை இருந்தார். மூன்று மாணவர்களை உதவிக்கு அழைத்துப் போனார். மற்ற இருவரும் ரஷ்யர்கள், கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். எனக்கு பாஷை அரைகுறை. அதனால் டேப் பிடிக்கும் வேலை.

அந்தக் கட்டடத்தின் நடை முழுக்கப் பழைய படங்கள். காத்திருக்கும் நேரத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நான் பாலே என்றால் ராஜா வீட்டு விளையாட்டு, பணக்காரப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது என்று நினைத்திருந்தேன். பார்ப்பது மட்டும்தான் பணக்காரர்கள் என்று அங்கே தெரிந்தது. ஆயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டில் ஒரு மகாராணி தன் அரண்மனையிலேயே நடனப் பள்ளி தொடங்கினாள். சொல்லிக்கொடுக்க ஒரு பிரெஞ்சுக்காரர். கற்றுக்கொள்ள அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள், பன்னிரண்டு பையன்கள், பன்னிரண்டு பெண்கள். அப்புறம் மாஸ்கோவில் அநாதை விடுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய பண்ணையார்கள் தங்கள் அடிமைக் குடியானவர்களின் பெண்களைப் பொறுக்கியெடுத்துத் தனி ஆட்டக் குழுவே வைத்திருந்தார்கள். பண்ணையார் நொடித்துப்போனால் ஆட்டக்காரிகளும் கைமாறினார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பதுபோல வாங்குகிறவன் காலைப் பார்த்திருப்பான். புரட்சி வந்த பிறகு, இது ஜாரின் பொம்மை, மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு எழுந்ததாம். அடுப்பு எரியாத கூடங்களில் கம்பளிச் சட்டையோடு பாடம் நடந்தது. எட்டு வருஷம், எந்த வருஷம் எந்தத் தசை, எந்த மாதம் எந்த அசைவு என்று அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து எழுதிவைத்தவர் அந்தக் காலத்து ஆசிரியை ஒருவர். நாற்பத்தொன்றில் போர் வந்தபோது லெனின்கிராடிலிருந்து ரயிலேற்றிப் பிள்ளைகளை பெர்முக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பார்த்துப் பழகிய ஊர் சும்மா இருக்குமா, போர் முடிந்ததும் தனக்கென்று ஒரு பள்ளி வைத்துக்கொண்டது.

அந்த இருபத்துநாலு வேலைக்காரப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்று எந்தப் படத்துக்குக் கீழேயும் எழுதியிருக்கவில்லை. சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. தவிர, அரண்மனைச் சோறு.

பயிற்சிக் கூடத்தில் ஒரு அம்மா பூச்செடிக்கு ஊற்றும் வாளியால் மரத்தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. கால் வழுக்காமல் இருக்கவாம். எனக்கு அது வாசல் தெளிப்பதுபோல இருந்தது. முதல் வருஷப் பிள்ளைகள் குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முட்டியை மடக்கப் படாத பாடு பட்டார்கள். நாற்காலியிலேயே வளர்ந்த கணுக்கால்கள். குந்தி உட்காரத் தெரிந்த எங்கள் ஊர்ப் பிள்ளை எதுவானாலும் அந்த முதல் பாடத்தைச் சிரித்துக்கொண்டே செய்துவிடும்.

இவ்வளவையும் மாதவராஜிடம் சுருக்கமாகச் சொன்னேன். அரண்மனை வேலைக்காரர்கள் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம புள்ளைங்க மாதிரிதான்னு சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தத் தேர்வில் பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். நீளமான கால்கள், கழுத்து, காற்றில் எழுதியதுபோலக் கைகள். முதல் சுற்றில் அவனைப் பார்த்த நடன ஆசிரியர்கள் ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டார்களாம். எங்கள் பேராசிரியை அவனிடம் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடச் சொன்னார். மூடிய கையின் மறுபக்கம், சுண்டுவிரலைத் தாண்டிக் கட்டைவிரல் நகம் வெளியே வந்து நின்றது. அவன் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டார். அன்று மாலை எங்களிடம் சொன்னார்: "முதல் சுற்றில் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப்போகிற பிள்ளையைத்தான் இரண்டாம் சுற்றில் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும்." மார்ஃபன் என்று ஒரு நோய். உடம்பை இழுத்துப் பிடித்திருக்கும் நார் பிறவியிலேயே தளர்வாக இருக்கும். அதனால் எலும்பு நீளும், மூட்டு எந்தப் பக்கமும் வளையும், பார்க்க அழகாக இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயும் அதே நாரால் ஆனது. அதுவும் தளர்ந்து உப்பிக்கொண்டே போகும்.

"பூவிழி, கட்டவிரல உள்ள வெச்சிக் கைய மூடு பாக்கலாம்" என்றேன்.

மூடினாள். நகம் மறுபக்கம் வந்து நின்றது. நெயில்பாலிஷ் பாதி உதிர்ந்திருந்தது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு மற்றக் கையையும் அதேபோல மூடிக் காட்டினாள். மாதவராஜ் கைதட்டினார்.

காவேரியை வரச்சொன்னேன். பூவிழியின் அம்மா. சாமந்தி பறிக்கிற இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், புடவை மடிப்பில் இதழ்கள் ஒட்டியிருந்தன. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் தோளுயரம்.

ஃபாரத்தில் அப்பா உயரம் கேட்டிருந்தது. அவர் பெயர் மாது, இறந்து மூன்று வருஷம் ஆகிறது. "வூட்டு வாசக்கால்ல குனியாம வர மாட்டாருங்க" என்றாள். அடுத்தது பாட்டிகள். அப்பாவின் அம்மா எப்படி இருப்பார்?

"அது எங்க ஆயாங்க."

"உங்க மாமியாரக் கேக்கறேன்."

"அதாங்க. எங்கம்மாவோட அம்மா. எங்க மாமனத்தான கட்டினு வந்தேன்."

கூடப்பிறந்த தாய்மாமன். எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயம் இல்லை, வெளியில் பெண்ணைக் கொடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். ஆனால் அந்த ஃபாரம் தயாரித்தவர்கள் ஒரு பிள்ளைக்குப் பின்னால் இரண்டு குடும்பம் இருக்கும் என்று நம்பிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கே எந்தக் கட்டத்தில் ஆரம்பித்தாலும் ஒரே வீட்டில் போய்த்தான் நின்றது. நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

"அவரு எப்படிப் போனாரு?"

"நெஞ்சு வலிங்க. லோடுமேனா இருந்தாரு. முப்பத்தி நாலு வயசு." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன். எக்கோ என்று பெயர், வலிக்காது, ஊசி இல்லை. தருமபுரியில் எடுக்கலாம். பிறகு ஒரு வார்த்தை சொன்னேன். தினமும் பத்து பேரிடம் சொல்லும் வார்த்தைதான்: "ரிப்போர்ட் நார்மல்னு வந்தாத்தான் இதுல கையெழுத்துப் போட முடியும்."

சாதிச் சான்று, வருமானச் சான்று, விதவைச் சான்று என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் நாலு தடவை நடந்தவள் காவேரி. இன்ன காகிதம் கொண்டுவந்தால் இன்ன காகிதம் கிடைக்கும் என்று சொன்னால் அவளுக்குச் சட்டென்று புரியும். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஐந்தாவது நாள் மாதவராஜ் வேனைத் தேடிவந்து ரிப்போர்ட்டைக் கொடுத்தார். பெயர் பூவிழி, வயது பத்து. எல்லாம் சரியாக இருந்தது. பெரிய ரத்தக்குழாயின் அகலம் பத்தொன்பது மில்லிமீட்டர். நான் ஒரு பெருமூச்சு விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் மேலே சின்ன எழுத்தில் உயரமும் எடையும் போட்டிருப்பார்கள். யாரும் அதை வாசிப்பதில்லை. உயரம் நூற்று இருபத்துநாலு. எடை இருபத்திரண்டு.

ஒரு வாரத்தில் ஒரு பிள்ளை இருபத்தைந்து சென்டிமீட்டர் குறையாது.

நேர்மையாகச் சொல்வதென்றால் உடனே யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை ஃபாரத்தோடு சேர்த்துப் பின் குத்தி என் பையிலேயே இரண்டு நாள் வைத்திருந்தேன். கையெழுத்துப் போட எனக்கு ஆசையாக இருந்தது. காகிதம் சுத்தமாக இருக்கிறது, நாளைக்கு யார் கேட்டாலும் என்மேல் தப்பில்லை. உயரம் டைப் அடித்ததில் பிழை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். பெர்மில் நான் டேப் மட்டும்தான் பிடித்தேன். அதற்குப் பிறகு இத்தனை ஆயிரம் பிள்ளைகளைத் தொட்டும் எவரையும் எதற்கும் இதுவரை தேர்ந்தெடுத்து அனுப்பியதில்லை. கண்ணாடிக்கும் காது மிஷினுக்கும் அனுப்பியிருக்கிறேன். நானூறு பேரில் தேறிய ஒரு பிள்ளை, அதுவும் பழுப்புப் பல்லோடு, அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும் என்று பேருந்தில் போகும்போதெல்லாம் யோசித்தேன். பன்னிரண்டாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்கே போனேன். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். பூவிழி தண்ணீர்த் தொட்டியின் குழாய்க் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை எதிரெதிராகத் திருப்பி, முட்டியை மடக்கி மடக்கி எழுந்துகொண்டிருந்தாள். பெங்களூர்க்காரர்கள் அன்றைக்குக் காட்டிவிட்டுப் போன முதல் நிலை. ஒரு கோடுபோல இருந்தன பாதங்கள். பெர்மில் அதற்கு இரண்டு வருஷம் ஆகும்.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். கோபமாக இருந்தாள்.

"மிஸ், எனக்கு மட்டும் ஏன் டிவி காட்டல?"

"என்ன டிவி?"

"நெஞ்சுக்குள்ள டிவில காட்டுறாங்களாம். கண்ணாடிக் கூழு தடவி. ஜன்னலு மாதிரி தொறந்து தொறந்து மூடுதாம். எங்க சித்தி புள்ள அதயே சொல்லிச் சொல்லிக் காட்டினு திரியறா. ஃபாரம் என்னுது, டிவி மட்டும் அவளுக்கா?"

சொன்ன பிறகுதான் சொல்லக்கூடாதது என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கை அவள் முகம் முழுவதையும் மூடிவிட்டது.

காவேரி ஊருக்கு வெளியே சாமந்தித் தோட்டத்தில் இருந்தாள். சாயங்காலம் வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து போனேன். என் கையில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மடியில் இருந்த பூவைக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆமாங்க" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "தங்கச்சி பானுமதி புள்ளையத்தான் கூட்டினு போனேன். நார்மல்னு வந்தா கையெழுத்துப் போடறேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது காயிதத்துக்காக இல்ல காவேரி. அவ உசுருக்காக."

"தெரியுங்க."

அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டாள், விளக்கிச் சொல்லிவிடலாம் என்றுதான் வரப்பில் வரும்போதெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அவருக்கும் இதே ஸ்கேன்தாங்க எடுத்தாங்க, பெங்களூர்ல" என்றாள். "ரத்தக் கொழா வீங்கினு இருக்குது, இனிமே மூட்ட தூக்கக் கூடாதுன்னாங்க. தூக்கல. எட்டு மாசம் வூட்லயே ஒக்காந்துனு இருந்தாரு. இவளக்கூடத் தூக்கல. கடக்கிப் போறவன் வர்றவன்லாம் ஒடம்பு நல்லாத்தான இருக்குது, பொண்டாட்டி சம்பாத்தியத்துல ஒக்காந்து தின்றான்னு பேசுவாங்க. ஒரு நாளு காலைல டீ குடிச்சினு இருந்தாரு. டம்ளரு கீழ வுழுந்துச்சு. திரும்பிப் பாக்கறேன், அவ்ளோதாங்க."

பக்கத்துச் சாலில் யாரோ ஒரு பெண் போனில் பாட்டு வைத்திருந்தாள். காவேரி அந்தப் பக்கம் பார்த்துக் கைகாட்டினாள், பாட்டு நின்றது.

"தூக்கினு இருந்தாலும் செத்திருப்பாரு. ஆனா அந்த எட்டு மாசம் மனுசனா இருந்திருப்பாரு. இவளையும் அப்படி ஒக்கார வெச்சிப் பாக்க என்னால ஆவாதுங்க. அங்க போனா மூணு வேள சோறு, படிப்பு. எனக்கு வேற என்னா இருக்குது குடுக்க? வர்ற வருசம் நானும் இவளும் பெங்களூருக்கு வூட்டு வேலைக்குப் போறதாத்தான் இருந்தோம். பாத்தரம் தேச்சா மட்டும் அந்தக் கொழா வீங்காதுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வியாக இருந்ததால். பாடப் புத்தகத்தில் இருக்கும் பதில் எனக்குத் தெரியும், அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

"மாத்திர குடுத்தாங்களா அவருக்கு?"

"குடுத்தாங்க. ரெண்டு மாசம் போட்டாரு. தல சுத்துதுன்னு வுட்டுட்டாரு."

காலடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடியது. வெயிலில் காய்ந்து ஓரிடத்தில் லேசாக உப்பியிருந்தது. குனிந்து அதைத் தொட்டுக் காட்டினேன். மாத்திரை என்பது தண்ணீர் வேகத்தைக் குறைப்பது. உப்பல் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் குறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருந்தால், வெடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுக் குழாய் வைக்கவும் ஆபரேஷன் இருக்கிறது. மாதுவுக்கு யாரும் சின்னப் பையனாக இருக்கும்போது அளக்கவில்லை. காவேரி தோட்டத்தில் தினமும் அந்தக் குழாய்களை அடைத்து ஒட்டுகிறவள், எதையும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவ ஒடம்புக்கு இருவத்தெட்டு மில்லிக்குள்ள இருந்தா சரின்னு வெச்சிக்கலாம்" என்றேன். "உள்ள இருந்தா நானே அந்தப் பள்ளிக்கு எழுதறேன். இப்படி இப்படி இருக்குது, மாத்திர சாப்ட்டுனு, அளந்துனு, ஆட வெக்கலாமா பாருங்கன்னு கேக்கறேன். அவங்க வேணான்னும் சொல்லலாம். தாண்டிட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த ரிப்போர்ட்டுக்கும் போட மாட்டேன்."

"அப்ப ஸ்கேனே வேணாங்க" என்றாள் காவேரி. "ஃபாரத்தக் குடுத்துருங்க. தெரியாமயே இருக்கட்டும். தெரிஞ்சிட்டா அப்பறம் அவ தண்ணி கொடம் தூக்கினாக்கூட நான் செத்துச் செத்துப் பொழைக்கணும்."

நான் ஃபாரத்தைக் கொடுக்கவும் இல்லை, பையில் வைக்கவும் இல்லை. பள்ளி விட்டிருந்தது. பூவிழி வரப்பில் வந்துகொண்டிருந்தாள், புத்தகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, முன்காலை நீட்டி நுனிவிரல் முதலில் தரையில் படும்படி ஒவ்வொரு அடியாக வைத்து. அந்த வரப்பில் நான் இரண்டு தடவை சறுக்கியிருந்தேன்.

கிட்டே வந்து அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டு விழாது என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்பம்மா டிவி?"

"சும்மா இரு."

"அவளுது ஜன்னலு மாதிரி இருக்குதுன்றா. என்னுது எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியணுமில்ல?"

காவேரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கூடையில் கிடந்த பூக்களில் வாடியவற்றைப் பொறுக்கி வெளியே போட ஆரம்பித்தாள். நிமிராமலேயே கேட்டாள்.

"நாளைக்கு அங்க எத்தன மணிக்கித் தொறப்பாங்க மேடம்?"

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு தருமபுரிக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஏசி குளிர். உயரமும் எடையும் நானே பக்கத்தில் நின்று எழுதவைத்தேன். பூவிழியை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். கட்டில் நீளம் போதாமல் பாதங்கள் விளிம்புக்கு வெளியே வந்தன. ஒரு போர்வையைப் போட்டோம். காவேரியை வெளியே இருக்கச் சொன்ன நர்ஸிடம், அவர் உள்ளேயே இருக்கட்டும் என்றேன். கால்மாட்டில் போய் நின்றுகொண்டாள்.

ஸ்கேன் டாக்டர் ஒரு பெண், பேச்சு குறைவு. கூழைத் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ கலங்கி, பிறகு தெளிந்தது. பூவிழி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி அதைப் பார்த்தாள். வெள்ளையாக இரண்டு இதழ்கள் பிரிந்தன, சேர்ந்தன.

"இது என்னுதுதானங்க மிஸ்?"

"உன்னுதுதான்."

"பானு சித்தி புள்ளையோடது பெருசா, இது பெருசா?"

"பேசாம மூச்சப் புடிச்சிக்கோ" என்றார் டாக்டர்.

பிடித்துக்கொண்டாள். டாக்டர் படத்தை நிறுத்தி, இதழ்களுக்கு மேலே கறுப்பாகத் தெரிந்த குழாயைப் பெரிதாக்கினார். அதன் ஒரு சுவரில் கூட்டல் குறி ஒன்றை வைத்தார். விரலடியில் இருந்த உருண்டையை மெல்ல நகர்த்தியதும் குறியிலிருந்து புள்ளி புள்ளியாக ஒரு கோடு கிளம்பி எதிர்ச் சுவரை நோக்கி நகர்ந்தது. திரையின் மூலையில் எண் ஓட ஆரம்பித்தது. பதினாறு. இருபது. காவேரிக்கு எண்கள் வாசிக்கத் தெரியும், நான் சொன்ன இருபத்தெட்டும் ஞாபகம் இருந்திருக்கும். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு பாதங்களையும் சேர்த்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இருபத்துமூன்று. இருபத்தைந்து. கோட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருந்தது.